துரை அறிக்கையும் தறிக்குழியும்: ஒரு வீடியோ கேமை வரலாற்றுப் பிரதியாக வாசித்தல்

1

1997 ஜூனில் ஜப்பானில் ஒரு வீடியோ கேம் வந்தது. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் பெட்டிக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் யாசுமி மாட்சுனோ. பெயர் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ். 1998 ஜனவரியில் அமெரிக்காவுக்கு ஆங்கிலத்தில் போனது. 2007இல் புதிய மொழிபெயர்ப்போடு கைப்பெட்டிக்கு வந்தது. 2025 செப்டம்பரில் இன்றைய பெட்டிகளுக்காக மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. வாள், மந்திரம், இளவரசி, பேய் எல்லாம் உள்ள கற்பனை ராஜ்ய விளையாட்டுதான். ஆனால் இது ஆரம்பிப்பதே ஒரு வரலாற்று ஆய்வாளனின் பேச்சில். நானூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு வாரிசுரிமைப் போரைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வது பொய், மதநிறுவனம் மறைத்து வைத்த ஓர் அறிக்கை இப்போது என் கைக்குக் கிடைத்திருக்கிறது, உண்மையான நாயகன் வேறொருவன் என்கிறான் அவன். அதற்குப் பிறகுதான் நம்மை ஆட விடுகிறார்கள்.

இதெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுகிற சங்கதியா என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாவலை, சினிமாவை, பட்டிமன்றத்தை, கோயில் சிற்பத்தைப் பிரதியாக வைத்து வாசித்தோம். நம் பிள்ளைகளின் கண்ணையும் விரலையும் மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிற ஒரு வடிவத்தை மட்டும் 'பொழுதுபோக்கு' என்று தள்ளிவிட்டால், அதற்குள் நடக்கிற கருத்தியல் வேலையைக் கவனிக்க ஆளில்லாமல் போகும். வீடியோ கேமில் கதை ஒரு பாதிதான். மறுபாதி விதிகள்: யார் நகரலாம், எவ்வளவு தூரம், யார் என்ன கற்றுக்கொள்ளலாம், செத்தால் என்ன ஆகும். கதை பேசும், விதி பேசாது. பேசாத இடத்தில்தான் அதிகாரம் குந்தியிருக்கும் என்பது நமக்குப் புதிதில்லை.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை வாசிக்கிறேன். பட்டுத்தறியும் கோயிலும் தவிர இந்த ஊருக்கு வேறு முகவரி கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். என் வாசிப்பில் அந்த இரண்டும் குறுக்கே வரும்.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐவலீஸ் என்ற நாடு பக்கத்து நாட்டோடு ஐம்பது வருஷம் போர் நடத்தித் தோற்றுப்போயிருக்கிறது. ராஜா சாகிறான், வாரிசு கைக்குழந்தை. குழந்தையை வைத்து ஒரு பிரபு, ஓவேலியா என்ற இளவரசியை வைத்து இன்னொரு பிரபு. இருவரின் கொடியிலும் சிங்கம். அதனால் சிங்கப் போர். இந்தப் போரின் முடிவில் அரியணையில் உட்காருகிறவன் டெலிடா என்ற தாழ்ந்த குடிப் பையன். வரலாறு அவனை மகாபுருஷன் என்கிறது. அவனோடு ஒன்றாக வளர்ந்தவன் ராம்சா. பெரிய வீட்டுப் பிள்ளை, ஆனால் முறைப்படி பிறந்தவன் இல்லை. மதநிறுவனத்தின் சூழ்ச்சியைக் கண்டுபிடித்ததால் மதத்துரோகி என்று பட்டம் கட்டப்பட்டு வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டவன். இருவரையும் பார்த்தவன் ஓலன் துரை. பார்த்ததை எழுதினான். போர் முடிந்து சில வருஷம் கழித்து, புதிய தலைமை குருவைத் தேர்ந்தெடுக்கும் சபையில் அந்த அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தான். அறிக்கையைப் பிடுங்கிக்கொண்டு அவனைத் தீயில் போட்டார்கள். நானூறு வருஷம் கழித்து அதை வெளியிடுகிறவன் அவன் வம்சத்தில் வந்த அலஸ்லம் துரை.

ஜப்பான்காரர்கள் வைத்த அந்தப் பெயருக்கும் நம்மூர் 'துரை'க்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் காது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சோழமண்டலக் கரை நெசவாளனுக்குக் கும்பினித் துரை முன்பணம் கொடுத்து, அந்தக் கணக்கு நோட்டில் அவன் பெயரை எழுதி வைத்தான். நம் நெசவாளர்களைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தத் துரைகள் எழுதிய கடிதங்களிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் எடுத்ததுதான். ஆகவே 'துரை அறிக்கை' என்றால் நமக்கு அது எரிக்கப்பட்ட உண்மையாகத் தோணாது. அரசாங்க ஆவணமாகத்தான் தோணும்.

இந்தக் கேமை நான் முதலில் பார்த்தது, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆட விடுகிற ஒரு சின்னக் கடையில். நகல் எடுத்த தகடு. 1998 மொழிபெயர்ப்பின் ஆங்கிலம் ஒடிசல், பாதி வாக்கியம் புரியாது. தறிவீட்டுப் பையன்களுக்கு அது ஒரு தடையாகவே இல்லை. 2007 மொழிபெயர்ப்பு அதைச் செப்பனிட்டுப் பழங்கால ஆங்கிலத்தில் நகாசு வேலை பண்ணியது. நம்மூர் சரித்திரப் படத்தில் ராஜா வாயைத் திறந்தால் 'யாம்', 'எம்மை' என்று வருமே, அந்த மாதிரி. பழைய மொழி பேசினால் பழைய காலம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஊருக்கும் பொது. இந்தக் கட்டுரையில் நான் ஒடிசல் ஆங்கிலத்துப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

3

வாரிசில்லாத அரியணை, அதற்கு ஒரு பையன், அவனை ஏற்றிவைத்துவிட்டு எழுதப்படும் வரலாறு. காஞ்சிபுரத்தில் இதற்குக் கல்லில் ஒரு பிரதி இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்று மண்டபத்தின் சுவரில், வரிசை வரிசையாகச் செதுக்கிய பல்லவர் வரலாறு. சில சிற்பங்களுக்கு விளக்கக் கல்வெட்டும் உண்டு. இதை முறைப்படி வாசித்துக் காட்டியவர் கடம்பி மீனாட்சி (1905-1940). சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அவருடைய ஆய்வு இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக 1941இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சிற்பம் சொல்கிற கதை இது. இரண்டாம் பரமேசுவரவர்மன் சுமார் 731இல் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். ஊர்ப் பெரியவர்களும் கடிகையாரும் கூடி, பல்லவர் கிளைக் குடும்பத்து இரணியவர்மனிடம் போய் நிற்கிறார்கள். அவனுக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பேர் மாட்டேன் என்கிறார்கள். நான்காவது பிள்ளை, பன்னிரண்டு வயசுப் பல்லவமல்லன், நான் போகிறேன் என்கிறான். வழியெல்லாம் தாண்டிக் காஞ்சிக்கு வருகிறான், வரவேற்பு, முடிசூட்டு. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். கோயிலைக் கட்டியவனும் அவனே. பாடப்புத்தகத்தில் இதை 'மக்கள் தேர்ந்தெடுத்த மன்னன்' என்று படித்துவிட்டு வந்தோம்.

சரி, இன்னொரு பிரதியைப் பார்ப்போம். உதயேந்திரம் செப்பேட்டில் இதே நந்திவர்மன் நந்திபுரத்தில் முற்றுகைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறான். தளபதி உதயசந்திரன் வந்து மீட்கிறான். சித்திரமாயன் என்ற பல்லவனை வெட்டுகிறான். அந்தச் சித்திரமாயன் யார், அவனுக்கு என்ன உரிமை இருந்தது, அவன் பக்கம் நின்றவர்கள் யார் என்று அவன் வாயால் சொல்ல ஒரு கல் கிடையாது. வெட்டுப்பட்டவன் என்கிற ஒரே தகுதியில் அவன் வரலாற்றுக்குள் வருகிறான்.

மூன்றாவது பிரதி கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இந்தக் கோயில் சொத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்துவிட்டு இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். தோற்றவன் வீட்டுச் சுவரில் ஜெயித்தவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழ்! கொள்ளையடிக்காத ராஜா என்பது அவ்வளவு அபூர்வமான சேதியாக இருந்திருந்தால்தான் அதைக் கல்லில் வெட்ட வேண்டி வந்திருக்கும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓலன் துரையின் கதை கற்பனை என்ற பெயரில் என்ன செய்கிறது என்று தெரியும். ஒரு பெருங்கதையாடலைப் போட்டு உடைக்கிறது. அரசும் மதமும் சேர்ந்து வரலாற்றை உற்பத்தி செய்கின்றன என்று காட்டுகிறது. கேமுக்குள் வருகிற ஒரு பழைய சுவடி இன்னும் ஒரு படி போகிறது. மதத்தின் ஆதி புனிதரே ஓர் ஒற்றன்தான் என்கிறது அந்தச் சுவடி. அதற்காகவே அதைப் பிடிக்கத் துரத்துகிறார்கள். ஒரு காலத்தில் பௌத்தமும் சமணமும் தழைத்த காஞ்சியில், மணிமேகலைக் காப்பியம் தன் நாயகியைக் கொண்டுவந்து சேர்த்த காஞ்சியில், இன்றைக்கு எந்தத் தலபுராணம் விற்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது பேய்க்கதையாகத் தெரியாது.

4

இந்த மாற்று வரலாறு எங்கே நின்றுபோகிறது? இங்கேதான் என் சண்டை.

கேமின் முதல் அத்தியாயத்தில் நம் எதிரிகள் யார்? பிசாசுகள் கிடையாது, வெளிநாட்டான் கிடையாது. ஐம்பது வருஷப் போரில் நாட்டுக்காகச் சண்டை போட்ட ஏழைப் படைவீரர்கள். போர் முடிந்ததும் கூலி இல்லாமல் கலைத்துவிட்டார்கள். அவர்கள் சேர்ந்து ஆயுதம் ஏந்துகிறார்கள். தலைவன் வீக்ராஃப். அவன் தங்கை மிலூடா. நாங்களும் மனுஷர்கள், எங்கள் உழைப்புக்குக் கூலி எங்கே என்று நேருக்கு நேராக ராம்சாவிடம் கேட்கிறாள். பெரிய வீட்டுப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் சண்டையை நடத்துகிறவன் ராம்சா மட்டும் இல்லையே, பட்டனை அழுத்துகிற நானும்தான். அவளைக் கொன்றால்தான் அடுத்த காட்சி. கேட்ட கேள்வி நியாயம் என்று தெரிந்தே கொல்ல வேண்டும். நாவலில் இதைப் பக்கத்தைப் புரட்டிக் கடந்துவிடலாம். இங்கே கை கறைபடுகிறது. இது இந்த வடிவத்துக்கே உரிய பலம் என்று சொல்வேன்.

ரணஜித் குஹா தன் 1983ஆம் வருஷக் கட்டுரையில் காட்டியது நினைவிருக்கும். உழவர் எழுச்சி பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அதை ஒடுக்கியவர்கள் எழுதிய காகிதம்; அதில் போராளி என்று இருக்காது, கொள்ளைக்காரன் என்று இருக்கும். அந்தச் சொல்லைப் புரட்டிப் படிக்கவேண்டியது வாசகன் வேலை. கேமிலும் பிரபுக்கள் வாயில் இவர்கள் 'கொள்ளைக்கூட்டம்'. முதல் அத்தியாயம் அந்தச் சொல்லைப் புரட்டிக் காட்டுகிறது. டெலிடாவின் தங்கை டீட்டாவைப் பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்துக் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கோட்டை வாசலில் ராம்சாவின் அண்ணன் உத்தரவு போட, ஆல்கஸ் என்ற நொடித்துப்போன பிரபு வம்சத்துப் பையன் அவளை அம்பெய்து கொல்கிறான். அவள் உயிருக்காகப் பேரம் பேச யாரும் தயாரில்லை, குடிப்பிறப்பு இல்லையே. இந்தப் பெட்டியில் ஓடிய கேம்களில் வர்க்கத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அப்புறம் என்ன ஆகிறது? மூன்றாம் அத்தியாயத்தில் வீக்ராஃப் மதநிறுவனத்தின் வீரனாக வருகிறான். ஒரு புனிதக் கல்லைக் கையில் எடுக்கிறான். ஆட்டுத்தலைப் பேயாக மாறுகிறான். ரியோவனெஸ் கோட்டையில் அவனைத் தனியாகச் சமாளிக்கவேண்டிய அந்தக் கட்டத்தை ஆடியவர்கள் மறக்கமாட்டார்கள். நடுவில் சேமித்துவிட்டுப் பலம் போதாமல் மாட்டிக்கொண்டால் வெளியேற வழி கிடையாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கூலி கேட்டவன் பேயானதும் கூலிப் பிரச்சினையும் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு கேம் முழுக்கப் பிசாசுகளின் சூழ்ச்சி. இரண்டு பிரபுக்களின் போர் பின்னணி இரைச்சலாகிவிடுகிறது. குடியானவன், சம்பளம் கிடைக்காத சிப்பாய், எல்லோரும் திரையிலிருந்து போயாச்சு.

அதாவது மறைக்கப்பட்ட வரலாற்றைத் தோண்டி எடுக்கிற துரை அறிக்கையே ஒரு மறைப்பைச் செய்கிறது. மீட்கப்படுகிற நாயகன், என்னதான் முறைதவறிப் பிறந்தவன் என்றாலும், பெரிய வீட்டான். தாழ்ந்த குடியிலிருந்து மேலே ஏறிய டெலிடாவோ எல்லோரையும் உபயோகித்துத் தூக்கி எறிகிறவன். கடைசியில் ஓவேலியா அவனைக் குத்துகிறாள், அவன் அவளைக் குத்துகிறான். மேல்குடியானின் தியாகம், கீழ்க்குடியானின் தந்திரம். இந்த ஜோடி நம்மூர் சினிமாவில் பார்க்காததா?

மாட்சுனோவின் முந்தைய கேம் 1995இல் சூப்பர் ஃபேமிகாம் பெட்டிக்கு வந்த டாக்டிக்ஸ் ஓகர். யூகோஸ்லாவியா உடைந்த காலத்து இனப்போரின் நிழலில் செய்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் தலைவன் சொந்த ஜனங்களின் ஊரையே அழித்துவிட்டுப் பழியை எதிரிமேல் போடச் சொல்கிறான். செய்வாயா, மாட்டாயா என்று ஆடுகிறவனைக் கேட்கிறது கேம். எதைச் சொன்னாலும் கதை வேறு வழியில் பிரியும். டாக்டிக்ஸில் அந்தத் தேர்வு கிடையாது. மிலூடாவை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. சம்பளம் கேட்டவளோடு சமரசம் என்பது விதிகளில் எழுதப்படாத ஒன்று.

5

விதிகளுக்கு வருவோம். கதை கைவிட்டதை விதிகள் வேறொரு இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன என்பது என் வாதம்.

ஆட்டம் கட்டங்களில் நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் உண்டு. வேகம் அதிகமானவனுக்கு முறை முதலில் வரும். மண்டபத் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வித்தியாசம் ஒன்று: ஆடுபுலியில் ஆடு கடைசிவரை ஆடுதான். இங்கே ஆடு புலியாகலாம். சாதாரணப் பாத்திரங்களுக்கு மொத்தம் இருபது தொழில்கள். எல்லோரும் எடுபிடியாகவோ மருந்து வைப்பவனாகவோ ஆரம்பிக்கிறார்கள். அதிலிருந்து போர்வீரன், வில்லாளி, பூசாரி, மந்திரவாதி, கணக்கன் என்று தாவிக்கொண்டே போகலாம். ஒரு தொழிலில் கற்றதை அடுத்த தொழிலுக்குச் சுமந்துகொண்டு போகலாம். பாணன் வேலை ஆணுக்கு மட்டும், ஆட்டக்காரி வேலை பெண்ணுக்கு மட்டும் என்கிற இரண்டு பூட்டைத் தவிர வேறு கதவு எதற்கும் பூட்டு இல்லை. பிறப்பு எதையும் தீர்மானிப்பதில்லை. கதையில் டீட்டாவைக் கொன்ற அதே பிறப்பு, விதிகளில் செல்லாக்காசு!

இந்தப் பட்டியலில் நெசவாளன் இல்லை. ஆனால் நெசவாளன் போர்வீரனாவதும் போர்வீரன் நெசவாளனாவதும் நம் வரலாற்றில் நடந்தது. சோழர் கல்வெட்டுகளில் வருகிற 'தெரிஞ்ச கைக்கோளர்' படையைப் படித்திருப்பீர்கள். பின்னால் விஜயநகரக் காலத்தில் அதே கைக்கோளர் தறிக்காரராக, கோயில் சார்ந்த குழுவாகத் தெரிகிறார்கள். காஞ்சிக் கைக்கோளருக்கு இருந்த தண்டு, சங்கு உரிமையை முன்மாதிரியாகக் காட்டி மற்ற ஊர்க் கைக்கோளரும் கேட்டுப் பெற்றார்கள். தொழில் மாறியிருக்கிறது, உரிமைக்கான பேரம் நடந்திருக்கிறது. பிறகு எப்போதோ அந்த அசைவு உறைந்து 'குலத்தொழில்' என்று பெயர் வாங்கிக்கொண்டது. ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று புராணமும் வந்து சேர்ந்தது.

ஒட்டக்கூத்தர் பற்றிய மரபுக்கதை ஒன்று. செங்குந்தர் புகழை ஈட்டியெழுபது என்று பாட அவர் கேட்ட விலை, அந்தக் குலத்துத் தலைப்பிள்ளைகளின் தலைகள். கொடுத்தார்களாம். பிறகு எழுப்பெழுபது பாடி அவர்களை எழுப்பினாராம். டாக்டிக்ஸில் விழுந்த வீரனை எழுப்ப ஓர் இறகு இருக்கிறது. மூன்று முறை வருவதற்குள் எழுப்பாவிட்டால் உடல் படிகமாகவோ பெட்டியாகவோ மாறிவிடும். படிகத்தை எடுக்கிறவன் செத்தவன் கற்ற வித்தையைச் சுவீகரித்துக்கொள்ளலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் யோசித்ததும் போய்விட்டது. தலையைக் கொடுத்து இலக்கியத்தில் இடம் வாங்கியவர்கள். கையைக் கொடுத்து 'பாரம்பரியம்' என்ற முத்திரையில் இடம் வாங்கியவர்கள். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வித்தை படிகமாகிவிட்டது. அதை எடுத்துக்கொள்ளும் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

இன்னொரு விதி. களத்தில் ஒருவன் ஒரு தொழிலில் தேர்ச்சிப் புள்ளி சேர்க்கும்போது, கூட நிற்கிற மற்றவர்களுக்கும் அதே தொழிலில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். பார்த்துக் கற்பது. தறிவீட்டுப் பிள்ளை கற்பதும் இப்படித்தான். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டும் இழைக்கு இழை கோர்த்துப் பிணைய மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளி கை இரண்டு. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு சின்னக் கை வேண்டும். அந்தச் சின்னக் கை எத்தனை வருஷமாகக் குழந்தையின் கையாக இருந்தது என்று இந்த ஊருக்குத் தெரியும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட பட்டுத்தொழில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றிய அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. முன்பணம் வாங்கியது தகப்பன், அடைத்தது பிள்ளை. கேமில் ஒட்டிக்கொள்ளும் புள்ளி அடுத்த தொழிலுக்குப் போகிற ஏணி. தறியில் அதே புள்ளி கால்விலங்கு. ஒரே விதிதான். வெளியே போகும் கதவு இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே மாறிப்போகிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அதற்குப் பிறகு வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். இந்த ஊர் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, நெசவாளர் பட்டினி கிடந்த அதே 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார், குலக்கல்வியையும் எதிர்த்தார். இது முரண்பாடு என்று அன்றைக்குச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. தறி பிழைக்கவேண்டும், ஆனால் தறிக்காரன் பிள்ளையைத் தறிக்காலில் கட்டாதே என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். 2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழிலை வலியுறுத்தும் இப்போதைய வடிவில் ஏற்கமுடியாது என்று தமிழக அரசு 2024 நவம்பரில் எழுதியது. எழுபது வருஷம் கழித்தும் அதே கட்டத்தில் அதே காய் நிற்கிறது.

6

விதிகளைத் தூக்கிப் பிடித்ததால் அவை புனிதம் என்று அர்த்தமில்லை. பட்டறையில் காசு கொடுத்து ஆள் எடுக்கிறோம் இந்தக் கேமில். வருகிறவனுக்கு ஒரு பெயரைக் கேமே எதேச்சையாகப் போட்டுவிடும். பெயர் உண்டு, கதைக் காட்சிகளில் ஒரு வசனம் கிடையாது. சண்டை எல்லாவற்றிலும் முன்னால் நின்று சாகிறவன் அவன். முடிவில் ராம்சா என்ன ஆனான் என்று ஓலன் துரையாவது நினைக்கிறான். என் வில்லாளிப் பெண் என்ன ஆனாள் என்று கேட்க நாதியில்லை. மதமும் இங்கே ஓர் எண்தான். ஒவ்வொருவருக்கும் 'நம்பிக்கை' என்று ஓர் அளவு. அது கூடினால் மந்திரம் நன்றாகப் பலிக்கும். மந்திரம் அவனையும் அதே அளவு பலமாக அடிக்கும். 95ஐத் தொட்டால் கடவுளைத் தேடி அணியை விட்டே போய்விடுவான். மதத்தை இவ்வளவு கறாராகக் கணக்குப் பண்ணிய விதி, கூலியை ஏன் கணக்குப் பண்ணவில்லை? மாதச் சம்பளம் கொடுக்காவிட்டால் என் ஆட்கள் கலகம் பண்ணுவார்கள் என்று ஒரே ஒரு விதி வைத்திருந்தால் மிலூடா ஆட்டம் முழுக்க உயிரோடு இருந்திருப்பாள்.

வால்டர் பெஞ்சமின் வரலாறு பற்றிய தன் 1940ஆம் வருஷக் குறிப்புகளைச் சதுரங்கம் ஆடும் பொம்மையில் ஆரம்பித்தார். பார்க்கிறவனுக்குப் பொம்மை தானாக ஆடி ஜெயிக்கிற மாதிரி இருக்கும். மேஜைக்குள் ஓர் ஆள் மடங்கி உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். அவர் அதை வைத்துச் சொன்னது இறையியலைப் பற்றி. எனக்கு இங்கே வேறொரு மடங்கிய உடம்பு ஞாபகம் வருகிறது: குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிற ஆள். சேலையைப் பார்க்கிறவனுக்கு மயில் தெரியும், யாளி தெரியும், குழி தெரியாது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் சுழல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் வந்த அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை போட நினைத்தார். கம்ப்யூட்டருக்கும் வீடியோ கேமுக்கும் பூர்வீகம் தேடினால் தறிவீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துப் பூ வரைகிற ஆளும், திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வீரனை வரைந்த ஜப்பான்காரரும் செய்தது ஏறக்குறைய ஒரே வேலை.

அந்தத் தறியைவிட்டு வெளியேறிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? ஒரு பங்கு இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூருக்கு. கைபேசி செய்த நோக்கியா ஆலை 2006இல் வந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. சாம்சங் ஆலையில் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் செய்கிறவர்கள், சங்கம் வைக்கும் உரிமைக்காக 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்கள். தொழில் மாறலாம் என்கிற விதி நிஜமாகியிருக்கிறது; எடுபிடி வீரனானான். ஆனால் கூலியும் சங்கமும் கேட்டதும் திரையில் என்ன வந்தது? முதலீடு ஓடிப்போகும், வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்ற பழைய பேச்சு. கேட்டவனைப் பேயாக்கும் கதைச்சூத்திரம் ஐவலீஸின் தனிச்சொத்து இல்லை.

ஆகவே துரை அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, அதிகார வரலாற்றுக்கு எதிராக ஓர் அறிக்கை வருகிறது என்றால் கைதட்டிவிட்டு நிறுத்தாதே. அந்த அறிக்கை யாரைப் பேயாக்கியிருக்கிறது என்று பார். இரண்டு, கதையைவிட விதியைக் கவனி. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர் கதை. தறிவீட்டு மாடத்தில் செருகிக் கிடக்கிற கூலிக் கணக்கு நோட்டு விதி: முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, சேலை 'பழுது' என்று எத்தனை தடவை கூலி குறைத்தார்கள், யார் பெயரில் எழுதி யார் கை உழைத்தது. கல்வெட்டைப் படியெடுக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆள் அனுப்பிய நாட்டில் இந்த நோட்டுகளைப் படியெடுக்க ஒருவரும் போகவில்லை. வயசானவர்கள் போகப்போக அவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எரிக்க ஒரு மதநிறுவனம்கூடத் தேவைப்படவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்காவது தறியோ, ஆலையோ, வயலோ ஒரு வீட்டுத் தூரத்தில் இருக்கும். நானூறு வருஷம் கழித்து ஒரு துரை வருவான் என்று காத்திருக்காமல், நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மிலூடா கேட்ட கேள்வி அதில் ஒவ்வொரு வாரமும் எழுதப்பட்டிருக்கிறது.